கொழும்பு டெர்மினஸ்: மறந்துபோன முதல் ஸ்டேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை ஸ்டேஷனில் கண்டி ரயிலுக்கோ யாழ்ப்பாண ரயிலுக்கோ காத்திருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுவேன்: இலங்கையில் ரயில் ஓட ஆரம்பித்தபோது இந்தக் கட்டடம் இல்லை, மருதானையில் இப்போது நாம் பார்க்கும் கட்டடமும் இல்லை, அப்போது கொழும்பின் ரயில் நிலையம் ‘கொழும்பு டெர்மினஸ்’ என்ற இன்னொன்று. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது என்றதும் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சரி, எங்கே இருக்கிறது?

மருதானையில், ஒல்கொட் மாவத்தையை ஒட்டிய ரயில்வே நிலத்துக்குள். மருதானை ஸ்டேஷனில் இறங்கி டெக்னிக்கல் சந்திப் பக்கமாகக் கோட்டையை நோக்கி நடந்தால் ரயில்வே தலைமையகம், அலுவலகங்கள், தண்டவாளங்கள் என்று ஒரு பெரிய பரப்பு வரும், அதற்குள்தான். தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கே தெரியாது. அந்த வீதியில் எல்லாரும் பார்ப்பது முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அப்போது அந்த வீதிக்கு நொரிஸ் வீதி என்று பெயர், ஒல்கொட் பெயர் பின்னால் வந்தது.

இலங்கையின் முதல் ரயில் 1864இலா, 1865இலா? இரண்டு வருடமும் எழுதுகிறார்களே?

இரண்டும் சரி. 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஒரு ரயில் ஓடியது, சுமார் 54 கிலோமீற்றர். அது ஒரு காட்சி ஓட்டம் மாதிரி, பெரிய மனிதர்களுக்கானது. பிறபண்ட் கோமகன் என்ற பெல்ஜிய இளவரசர் அதில் போனார். மறுவருடமே அவர் இரண்டாம் லியோபோல்ட் என்ற பெயரில் பெல்ஜியத்தின் அரசரானார், அப்புறம் கொங்கோவில் ரப்பருக்காக மக்களைக் கொடுமைப்படுத்தி உலகம் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்தவரும் அவர்தான். நம் ரயில் வரலாற்றின் முதல் பிரமுகர் இப்படி ஒருவராக அமைந்தது நம் தலைவிதி, என்ன செய்வது.

அதிகாரபூர்வமான திறப்பு 1865 ஒக்டோபர் 2. டெர்மினஸ் நிலையத்தின் வயதையும் அந்த 1865இலிருந்தே கணக்கிடுவார்கள்.

பயணிகள் போய்வருவதற்காகவா அந்தக் காலத்தில் ரயில் போட்டார்கள்?

இல்லை, கோப்பிக்காக. டெர்மினஸைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1830கள், 40களில் மலையகத்தில் காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டார்கள். விளைந்த கோப்பியைக் கப்பலுக்குக் கொண்டுவர இருந்தது கண்டி வீதி ஒன்றுதான், அதில் ஓடியவை மாட்டு வண்டில்கள். மழைக்காலத்தில் வீதி சேறாகும், மாடுகளுக்கு நோய் வந்தால் வண்டில் கிடைக்காது, கிடைத்தாலும் வண்டிற்காரர் கேட்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தில் கோப்பி விளைந்து கிடக்கும், துறைமுகத்தில் கப்பல் காத்துக் கிடக்கும், இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் வண்டிற் பாதை. தோட்டத்துரைமார் வருடக்கணக்காக அரசாங்கத்தை நச்சரித்தது இதற்காகத்தான். கண்டிக்குப் போகிற சனத்தின் வசதியை நினைத்து யாரும் இந்தப் பாதையைக் கேட்கவில்லை.

ஆகவே பாதையின் ஒரு முனை மலை, மறு முனை கப்பல் ஏற்றும் இடம். கொழும்பு டெர்மினஸ் அந்த மறு முனை. மூட்டைகள் கீழே வந்து இறங்கும் இடமாக அதைப் பாருங்கள், பயணிகள் அதில் இரண்டாம் பட்சம். இப்படிப் பார்த்தால்தான் பின்னால் அது ஏன் கைவிடப்பட்டது என்பதும் விளங்கும்.

இன்னொன்று, ரயில் வந்தபோது கொழும்பில் ஒழுங்கான துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு படகில் போகும், தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் எல்லாம் நின்றுவிடும். பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தது 1875 டிசம்பரில், வைத்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர், பிற்கால ஏழாம் எட்வர்ட். ரயில் வந்து பத்து வருடம் கழித்துத்தான் துறைமுகம் வளர ஆரம்பித்தது. காலி பின்தங்கி, கொழும்பு தீவின் வாசலானதில் இந்தப் பாதைக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

வேடிக்கை என்னவென்றால், ரயில் 1867இல் கண்டியை எட்டியது, 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தேபோனது. நல்ல காலம், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான். கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி வந்தன. பாதை அப்படியே மேலே மேலே போனது: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் ஒரு கிளை மாத்தளைக்கு, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, கடைசியாக 1924இல் பதுளை. அந்தக் கடைசித் துண்டு போட்டு முடியும்போது டெர்மினஸ் எப்போதோ மூடிப்போயிருந்தது.

நூறு கிலோமீற்றர் சொச்சம் பாதைக்கு ஏன் அத்தனை வருடம் எடுத்தது?

காசு. வேறென்ன? 1845இல் இங்கிலாந்தில் ‘சிலோன் ரயில்வே கம்பெனி’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளரை அனுப்பி வழி பார்க்கச் சொன்னார்கள். அவர் 1857இல் அறிக்கை கொடுத்தார், ஆறு மாற்றுவழிகளை ஒப்பிட்டு ஒன்றைச் சிபாரிசு செய்தார், செலவு 8 லட்சத்து 56 ஆயிரம் பவுண் சொச்சம் என்றார். அதை நம்பி 1858 ஓகஸ்ட் 3 அன்று தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டினார். கம்பெனியின் பொறியியலாளர் டொய்ன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது தொகை 20 லட்சம் பவுணைத் தாண்டிவிட்டது. மண்வெட்டு விழாவுக்குப் பிறகு மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை என்று தெரிகிறது.

அரசாங்கம் கம்பெனியைக் கழற்றிவிட்டு வேலையைத் தன் கையில் எடுத்தது. ஒப்பந்தம் ஃபேவியல் என்பவருக்குப் போனது, 1853இல் பம்பாய்க்கும் தானேக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் பாதையைக் கட்டியவர்களில் ஒருவர் அவர். பொறியியல் பக்கத்தைப் பார்த்தவர் கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த், பின்னால் இலங்கை ரயில்வேக்கே தலைவரானார். தண்டவாள அகலம் 5 அடி 6 அங்குலம், இந்திய அகலப் பாதையின் அதே அளவு, இன்றைக்கும் நம் பாதைகள் அதே அளவுதான்.

கட்டியது யார்? பெயர் எல்லாம் வெள்ளைக்காரர் பெயராகவே வருகிறதே?

நியாயமான கேள்வி. மண் வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், மலையைக் குடைந்தவர்கள் உள்ளூர்ச் சனமும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகளும். கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை பாதை பெரும்பாலும் சமதரை. அதற்கு மேல் கடுகண்ணாவை வரையான ஏற்றம்தான் ஆளைக் கொல்லும் பகுதி, இதை உவமையாகச் சொல்லவில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் வேலைத்தளங்களில் ஆட்களை வாரிக்கொண்டு போயின. ஏறத்தாழ 45 அடி ஓடினால் ஒரு அடி உயரும் சரிவு அது, ஒரு எஞ்சின் இழுக்கப் பின்னால் இன்னொன்று தள்ளித்தான் கரி எஞ்சின் காலத்தில் பாரமான ரயில்கள் ஏறின. இன்று அந்த இடத்தில் கதவருகே நின்று செல்ஃபி எடுக்கிறோம். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் தோட்டத்துச் சனம் வந்து இறங்கியதும் இந்த டெர்மினஸில்தானா?

பலர் இப்படி நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் இல்லை. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ரயிலைக் கண்ணால் கூடப் பார்க்காமல் வந்தவர்கள். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தவர்களும் உண்டு, அவர்கள் கொழும்பிலிருந்து மேலே போனார்கள். 1914 மார்ச்சில் தலைமன்னார் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைந்து ‘போட் மெயில்’ ஓட ஆரம்பித்த பிறகுதான் பெருந்தொகையானோர் ரயிலில் வந்தார்கள், அதற்குள் டெர்மினஸின் காலம் முடிந்துவிட்டது.

இவர்கள் பறித்த கோப்பியும் தேயிலையும் டெர்மினஸுக்கு வந்த அளவுக்கு இவர்கள் வரவில்லை.

‘டெர்மினஸ்’ என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்? எல்லா ஸ்டேஷனும் ஸ்டேஷன்தானே?

பாதை அங்கே வந்து முடிகிறது, அதைத் தாண்டிப் போகாது. ஒரு முட்டுச்சந்துக்குள் வானை ஓட்டிப் போனால் என்ன ஆகும்? போன வழியாலேயே பின்னுக்கு எடுத்து வர வேண்டும். ரயிலில் இது இன்னும் சிரமம், ஏனென்றால் எஞ்சின் முன்னால் மாட்டிக்கொள்ளும். ரயில் வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்ற வேண்டும், பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டு வந்து மறு முனையில் பூட்ட வேண்டும். கரி எஞ்சின் என்றால் அதைத் திருப்புமேடையில் ஏற்றித் திசை மாற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் கொட்ட வேண்டும். இது முடியும்வரை அந்த மேடை அடைபட்டுக் கிடக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து ரயில் வருகிற காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை, ரயில்கள் கூடக் கூடத்தான் தலைவலி.

அப்போ அதனால்தான் மூடினார்களா?

பெரிய காரணம் அதுதான் என்பது என் கருத்து. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1865இல் இருந்தது ஒரே பாதை, கொழும்பிலிருந்து மலைப் பக்கம் போவது. முடிகிற இடம் முடிகிற இடமாக இருந்ததில் தப்பில்லை. அப்புறம் கரையோரப் பாதை வந்தது: 1877இல் மொரட்டுவை, பாணந்துறை, 1894இல் காலி, 1895இல் மாத்தறை. அது கொம்பனித்தெரு வழியாக, பேரை வாவிப் பக்கமாகக் கோட்டைக்கு வருகிறது. பொல்காவலையில் பிரிந்து குருநாகலுக்குப் போன கிளை வளர்ந்து வடக்குப் பாதையானது. களனிப் பள்ளத்தாக்குக்கு ஒரு சிறு பாதை, அவிசாவளைப் பக்கம். நாலு திசையிலிருந்தும் ரயில் வருகிறது, அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், கண்டியிலிருந்து வருகிறவர் மாத்தறைக்கு மாறிப் போக வேண்டும், கந்தோருக்குப் போகிறவர் கோட்டைக்குக் கிட்ட இறங்க வேண்டும். இதற்கு வேண்டியது ரயில் ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகக்கூடிய நிலையம்.

அதோடு நகரமும் மாறிவிட்டது. 1899இல் மின்சார ட்ராம் வந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடியது, மருதானைச் சனத்தொகை பெருகியது, துறைமுகத்தைச் சுற்றி வங்கிகளும் கம்பெனிகளும் குவிந்தன. மூட்டைக்காகக் கட்டிய நிலையத்தில் மனிதர்கள் நிறையத் தொடங்கினார்கள்.

1908இல் இன்றைய மருதானை நிலையம் திறந்தபோது டெர்மினஸின் கதை முடிந்திருந்தது. 1917இல் இன்றைய கோட்டை நிலையம் வந்தது. அந்தச் சோடி இன்றுவரை அப்படியே இருக்கிறது, மருதானைக்கும் கோட்டைக்கும் நடுவே உள்ள பாதைதான் இலங்கையிலேயே நெரிசல் கூடிய பாதை, காலையில் கோட்டைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் ரயில் நின்று சிக்னலுக்குத் தவம் கிடப்பதும் அங்கேதான். பாதி ஆட்கள் அங்கேயே குதித்துத் தண்டவாளத்தில் நடந்து போவார்கள். டெர்மினஸைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் அந்த நேரத்தில் ஜன்னல் வழியே சுற்றிப் பார்க்கச் சொல்வேன், இவ்வளவு தண்டவாளம், இவ்வளவு ஷெட், இவ்வளவு வெற்று நிலம் ஊருக்கு நடுவில் எப்படி வந்தது என்று. எல்லாம் 1860களில் ஒரு முனையாகத் தொடங்கி, பிறகு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்தது.

யாழ்ப்பாண ரயில் டெர்மினஸ் காலத்தில் ஓடியதா?

காங்கேசன்துறையிலிருந்து கொழும்புவரை பாதை முழுதாக இணைந்தது 1905 ஓகஸ்டில். ஆக டெர்மினஸின் கடைசிக் காலமும் யாழ்ப்பாண ரயிலின் தொடக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். நம் ஆட்கள் ‘கோச்சி’ என்று சொல்லும்போது நினைவில் வைத்திருக்கும் யாழ்தேவி 1956இல் ஆரம்பித்தது, அது முழுக்க முழுக்கக் கோட்டைக் காலத்து ரயில். 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

களனிவெளிப் பாதை?

1900களின் தொடக்கத்தில் வந்தது, 2 அடி 6 அங்குலச் சின்னப் பாதை, மருதானையிலிருந்து பொரளை, நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாக. 1990களில் அகலமாக்கினார்கள். டெர்மினஸோடு அதற்குப் பெரிய தொடர்பில்லை.

கோட்டை ஸ்டேஷன் மன்செஸ்டரில் உள்ள ஒரு ஸ்டேஷனின் கொப்பி என்கிறார்களே?

முகப்பு மன்செஸ்டர் விக்டோரியா நிலையத்தை ஒத்தது என்று சொல்வார்கள். படத்தை வைத்து நீங்களே பாருங்கள். எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது, கோட்டை ஸ்டேஷன் நிற்பது புறக்கோட்டையில் என்பதுதான்.

டெர்மினஸ் காலத்தில் டிக்கெட் எப்படி இருந்திருக்கும்?

இதற்கு நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. இப்போது கவுண்டர்களில் கணினியில் அச்சான கடதாசிச் சீட்டு வருகிறது, வீட்டில் கோச்சிப் பயணத்தை நினைவாக வைத்துக்கொள்கிற பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் பழைய தடித்த அட்டை டிக்கெட் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1830களின் கடைசியில் உண்டாக்கிய முறை அது, பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் ரயிலோடு போனது. நீளம் ஆறு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் அதில் பாதி. முன்பக்கத்தில் புறப்படும் இடம், போகும் இடம், வகுப்பு, இரண்டு ஓரத்திலும் தொடர் இலக்கம். வகுப்புக்கு வகுப்பு அட்டையின் நிறம் வேறு.

இதில் கெட்டித்தனம் இலக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு குழாய், அதற்குள் டிக்கெட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். கிளார்க் கீழிருந்து ஒன்றை உருவுவார், மேலே உள்ளது தானாக இறங்கும். உருவிய டிக்கெட்டை இரும்புத் திகதி மெஷினின் வாயில் செருகி ஒரு தள்ளு, ‘டக்’ என்று திகதி விழும். பொழுதுபட்டதும், காலையில் குழாயின் அடியில் இருந்த இலக்கத்தை இப்போது அடியில் இருக்கும் இலக்கத்திலிருந்து கழித்தால் எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும், காசு அதற்குச் சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், யார் எவ்வளவு சுருட்டினார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வேறு என்ன அந்தக் காலத்துச் சாமான்கள் மிச்சம்?

எனக்குப் பிடித்தது டெப்லட். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது, அதற்காக இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வட்டத் தகடு மட்டும் வெளியே வரும்படி மின்சாரத்தால் பூட்டிய பெட்டிகள் இரண்டு பக்கத்திலும் வைத்திருப்பார்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் தன் பக்கத்தில் அழுத்தி விட்டால்தான் இந்தப் பக்கம் தகடு வெளியே வரும். தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, சாரதியிடம் கொடுப்பார்கள். தகடு கையில் இல்லாமல் சாரதி ரயிலை நகர்த்த மாட்டார். ஓடுகிற ரயிலில் சாரதி கையை நீட்டி ஒரு வளையத்தை வீசிவிட்டு இன்னொன்றை முழங்கையில் கோத்துக்கொள்வதை மலைநாட்டுப் பாதையில் பார்க்கலாம், அடுத்த முறை பார்த்தால் ஏதோ பழைய சடங்கு என்று நினைக்காதீர்கள், அந்த வளையத்தில்தான் உங்கள் உயிர் இருக்கிறது.

அங்கே ஒரு ரயில்வே நூதனசாலை இருந்ததாக ஞாபகம். அது என்ன ஆனது?

சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். 2009இல் டெர்மினஸ் வளாகத்தில் ரயில்வே நூதனசாலை ஒன்றைத் திறந்தார்கள். பழைய எஞ்சின்கள், சிக்னல் சாமான்கள், மணிக்கூடுகள், தந்திக் கருவிகள் எல்லாம் அங்கே வந்தன. ஐந்து வருடம் கழித்து, 2014 டிசம்பர் 27 அன்று, முதல் ரயில் ஓடி 150 வருடம் நிறைந்த அதே நாளில், கடுகண்ணாவையில் தேசிய ரயில்வே நூதனசாலை திறக்கப்பட்டது, சேகரிப்பும் அங்கே போனது.

கடுகண்ணாவைக்குக் கொண்டுபோனதில் நியாயம் உண்டு, ஏற்றம் முடிகிற இடம், கண்டிக்குப் போகிற சுற்றுலாக்காரர் எல்லாரும் கடக்கிற இடம், நல்ல குளிர். ஆனாலும் எனக்கு ஒரு குறை. முதல் நிலையத்தின் கட்டடத்தையே நூதனசாலையின் முதல் காட்சிப் பொருளாக வைத்திருக்கலாம். மருதானையில் ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் நடந்தே வந்து பார்த்திருப்பார்கள். கடுகண்ணாவைக்குப் போக ஒரு நாள் வேண்டும், சாப்பாட்டுப் பார்சல் வேண்டும்.

இப்போது உள்ளே போய்ப் பார்க்கலாமா, படம் எடுக்கலாமா?

அது ரயில்வேயின் வேலைத்தலம், பொதுமக்கள் உலாவுகிற இடம் இல்லை. பார்க்க விரும்பினால் ஒல்கொட் மாவத்தையிலுள்ள தலைமையகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு பாடசாலையோ சங்கமோ கடிதத்தாளில் கேட்டால் தனி ஆள் கேட்பதைவிட எளிதாக நடக்கும், இது எந்தத் திணைக்களத்துக்கும் பொருந்தும். காவலாளியிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னால் திட்டு வாங்குவது அந்த மனிதர். தண்டவாளத்தைக் கடந்து குறுக்கு வழியில் போகவே வேண்டாம், மருதானைக்கும் கோட்டைக்கும் இடையே ரயில் எந்தப் பாதையில் வரும் என்று பழகிய தொழிலாளிக்கே சட்டென்று தெரியாது.

மறுபடி அங்கே ரயில் நிற்குமா?

நிற்காது. நிற்கவும் தேவையில்லை, மருதானையும் கோட்டையும் இத்தனை கிட்ட இருக்க நடுவில் மூன்றாவது ஒன்று எதற்கு? அந்தக் கட்டடத்துக்கு வேண்டியது பயணிகள் இல்லை, ஒழுகாத கூரையும் அதை வருடாவருடம் பார்க்கிற ஒரு ஆளும். ரயில்வே நிலத்துக்குள் இருந்தபடியால்தான் யாரும் அதை இடித்து மாடி கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு நடுவில் அத்தனை பெறுமதியான நிலம், தனியார் கையில் இருந்திருந்தால் எப்போதோ ஒரு பேஸ்மென்ட் கார்பார்க் ஆகியிருக்கும்.

கடுகண்ணாவை நூதனசாலைக்கு எப்படிப் போவது?

கோட்டையிலிருந்து கண்டி ரயில். எல்லா ரயிலும் கடுகண்ணாவையில் நிற்காது, கவுண்டரில் கேட்டு ஏறுங்கள். ரம்புக்கனை தாண்டியதும் ஜன்னல் பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் மண்சரிவு வந்து பாதை மூடுவது உண்டு, அப்படியானால் புறக்கோட்டையில் கண்டி பஸ் ஏறிக் கடுகண்ணாவைச் சந்தியில் இறங்கலாம். பஸ்ஸில் போனால் வீதிக்காகக் குடைந்த பாறையையும், வீதி போட்ட கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரத்தையும் பார்த்துவிடலாம், அது 1860களுக்கு முன் கோப்பி வண்டில்கள் இறங்கிய அதே வீதி. சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பகலுக்குப் பிறகு அங்கே அநேகமாக மழை.